3 பார் அழுத்த ஆவியில் தெர்மோகப்பிள் சரியாகக் காட்டுகிறதா? பார்த்துவிடலாம்

தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்து, அதில் எழும் மின்னழுத்தத்தால் சூட்டை அளக்கும் கருவி. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் புதிதாகச் சேரும் தம்பிகள் தவறாமல் கேட்பது: "அண்ணே, உள்ளே அவ்வளவு பிரஷர் இருக்கே, தெர்மோகப்பிள் பொய் சொல்லாதா?"

அழுத்தத்தால் சொல்லாது. பழக்குலைகளை வேக வைக்கும் ஸ்டெரிலைசரில் இருப்பது சுமார் 3 பார்தான். தெர்மோகப்பிளின் மின்னழுத்தம் சில டிகிரி பிசகப் பல்லாயிரம் பார் வேண்டும். அது ஆய்வுக்கூடத்து விவகாரம். நம் இடத்தில் பிசகுவதெல்லாம் பொருத்துகிற கையால்தான்.

முதலில் ஐஸ் சோதனை. ஐஸ் கச்சாங்குக்குச் சீவுவது போல நுணுக்கிய ஐஸைத் தெர்மோஸில் நிறைத்து, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பியின் நுனி சுவரிலோ அடியிலோ படாமல் நடுவில் நிற்கட்டும். கலக்கிவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பார்த்தால் 0 வர வேண்டும். அப்புறம் கொதிநீர்: 100. (கேமரன் மலையில் செய்தால் 95 பக்கம் வரும், கருவியைத் திட்டாதீர்கள்.) சாதாரணத் தர கே வகைத் தெர்மோகப்பிளுக்கு (எந்த உலோகங்களால் ஆனது என்பதைச் சொல்லும் எழுத்துதான் கே) 2.2 டிகிரி கூடக் குறைய அனுமதி உண்டு. அதனால் ஒன்றிரண்டு டிகிரிக்குக் கவலை வேண்டாம்.

அடுத்தது ஒயர். என் முதல் வருடத்தில் நான் வாங்கிய திட்டு இங்கேதான். எக்ஸ்டென்ஷன் கேபிள், அதாவது தெர்மோகப்பிளை மீட்டர் வரை நீட்டும் அதே வகை ஒயர், தீர்ந்துபோயிருந்தது. சாதாரணச் செம்பு ஒயரை இழுத்து மீட்டரில் மாட்டிவிட்டேன். உள்ளே 143 டிகிரி. மீட்டர் 113 என்றது. ஸ்டெரிலைசர் மேல் இருக்கும் டெர்மினல் பெட்டி 60 டிகிரிச் சூட்டில் இருந்தது, கண்ட்ரோல் ரூம் 30. தெர்மோகப்பிள் அளப்பது இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். செம்பு தொடங்கும் இடத்திலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. 143க்கும் 60க்கும் உள்ள வித்தியாசமான 83 உடன் மீட்டர் தன் அறையின் 30ஐக் கூட்டி 113 என்றது. நடுவில் இருந்த 30 டிகிரி காணாமல் போனது. ஆகவே கே வகைக்கு கே வகைக் கேபிளேதான், மீட்டர் வரைக்கும். நிறத்தையும் கவனியுங்கள்: ஐஇசி என்ற சர்வதேசத் தர முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்புதான் மைனஸ்! சிவப்பைக் கண்டதும் கை தானாகப் பிளஸ்ஸுக்குப் போகும்.

சரி, இனிப் பொருத்தலாம். ஆவியைத் தாங்கி நிற்பது தெர்மோவெல் என்ற இரும்புக் குழாய். கம்பி அதற்குள் செருகப்படுவதுதான். கம்பியை எடுக்கலாம், ஆனால் அழுத்தம் இறங்காமல் வெல்லின் மேல் ஸ்பேனரை வைக்கவே கூடாது. நுனி வெல்லின் அடியைத் தொட வேண்டும். இடையில் காற்று நின்றால் மீட்டர் மெதுவாக ஏறும், சூடும் வெளியே கசியும். உள்ளே போகும் நீளம் கம்பியின் விட்டத்தைப் போல் குறைந்தது 10 மடங்கு இருக்கட்டும்.

கடைசியாக, ஆவி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தூய ஆவி என்றால் ஓர் அழுத்தத்துக்கு ஒரே வெப்பநிலைதான். கேஜ் (அழுத்தமானி) 3 பார் காட்டினால், வெளிக்காற்றின் 1 பாரையும் கூட்டி, அட்டவணையில் 4 பாருக்கு நேரே பாருங்கள்: சுமார் 143.6. கூட்ட மறந்து 3க்கு நேரே பார்த்தால் 133.5 என்று இருக்கும். நல்ல தெர்மோகப்பிளைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

எல்லாம் சரி, ஆனாலும் கேஜ் 3 பாரில் 132தான் வருகிறதா? தெர்மோகப்பிளைத் தொடாதீர்கள். அது உண்மையைத்தான் சொல்கிறது: அந்த இடத்தில் ஆவியோடு காற்றும் இருக்கிறது, தோராயமாகக் கால் பங்குக்கும் மேலே. அழுத்தத்தில் காற்றும் பங்கு கொள்ளும், சூடு மட்டும் தராது. அந்தக் குலைகள் சரியாக வேகாது, அப்புறம் பழமும் உதிராது. தொடக்கத்தில் அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஏற்றுவதே அந்தக் காற்றை விரட்டத்தான். காற்று வெளியேறும் வால்வு சரியாகத் திறக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.