தேரோட்டி டயோக்ளீஸின் கதையை மொட்டைமாடியில் சொல்லும் முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாற்றுக் கதை சொல்லி வருகிறேன். ரோமானியத் தேரோட்டி காயுஸ் அப்புலேயுஸ் டயோக்ளீஸைப் பற்றிச் சொல்ல விரும்புவோர் அவருடைய புகழை ஒத்திவைத்து, தேர் திரும்பும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வாளிகளைப் பதினைந்து அடி இடைவெளியில் கவிழ்த்து வையுங்கள். கோயிலில் சந்நிதியை வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிறோம். ரோமின் தேரோட்டத் திடலான சர்க்கஸ் மாக்ஸிமுஸில் எல்லைத் தூணை இடப்பக்கம் வைத்து ஏழு சுற்று ஓட்டினார்கள். நான்கு பிள்ளைகள் குதிரைகளாக வரிசையில் ஓடட்டும். வாளியை ஒட்டித் திரும்பும் இடக்கோடிப் பிள்ளைதான் ஆட்டத்தைத் தீர்மானிப்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

பின்னால் ஓடும் தேரோட்டியின் இடுப்பில் பழைய பருத்திப் புடவைக் கிழிசலைச் சுற்றிவிடுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். ரோமானியர்கள் கடிவாள வார்களை இடுப்பில் சுற்றிக்கொண்டு உடலைச் சாய்த்தே தேரைத் திருப்பியதால், கவிழ்ந்தவுடன் வாரை அறுத்துத் தப்பக் கத்தி ஒன்றையும் வைத்திருந்தார்கள். முதல் முறை நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். ஒரு பையன் இழுபட்டு விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். கத்தி எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை.

மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகே, டயோக்ளீஸின் சாதனைகளைப் பொறித்த கல்வெட்டின் கணக்குக்கு வரலாம். லூசிட்டானியாவிலிருந்து (பெரும்பாலும் இன்றைய போர்ச்சுகல்) வந்த டயோக்ளீஸ் கி.பி. 122இல், 18 வயதில், வெள்ளை அணிக்கு ஓட்டத் தொடங்கிப் பின்னர் பச்சைக்கும் சிவப்புக்கும் மாறினார். ஐபிஎல் பார்க்கும் பெங்களூருப் பிள்ளைகளுக்கு இந்த அணி மாற்றத்தை விளக்கவே வேண்டாம். 24 ஆண்டுகளில் 4,257 முறை ஓட்டி 1,462 முறை வென்றார். அவற்றுள் 815இல் தொடக்கத்திலேயே முந்தினார், 502இல் கடைசி நேரத்தில் பறித்தார். வெற்றித் தொகை 35,863,120 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்). இதை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பிரமிக்க வைப்பது வீண் வேலை என்பது என் எண்ணம். சாதாரணப் படைவீரனின் அக்காலத்து ஆண்டுச் சம்பளமான 1,200 செஸ்டெர்ஸால் வகுக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 29,900 பேரின் ஓராண்டுச் சம்பளம் விடையாக வரும்.

இவரோடு நிறுத்தினால், தேரோட்டிகள் எல்லாருமே இப்படி 42 வயதில் ஓய்வு பெற்று வாழ்ந்ததாகப் பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். பலர் அடிமைகள். 2,048 வெற்றிகள் பெற்று, கவிஞர் மார்ஷியலின் இரங்கல் வரிகளுக்கும் உரியவரான ஸ்கார்ப்புஸ் முப்பது வயதைத் தொடவில்லை. கூட்டத்தில் 13 வயதுப் பிள்ளை இருந்தால் எழுந்து நிற்கச் சொல்லி, கிரெஸ்கென்ஸ் என்ற தேரோட்டி கிட்டத்தட்ட அந்த வயதில் முதல் வெற்றி கண்டு 22 வயதில் இறந்ததைச் சொல்லுங்கள். பிறகு வாளிகளை எடுத்து வைக்கலாம்.