காலேஜ்ல இன சமத்துவம்: நல்ல எண்ணத்தோட ஆரம்பிச்சு எங்கெங்க சறுக்குறாங்க

அமெரிக்காவுல லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்னா, ஒரே துறையில மட்டும் அடைக்காம இலக்கியம், அறிவியல், கணக்குன்னு பலதையும் படிக்க வைக்கிற இடம், பெரும்பாலும் ஆயிரத்து ஐநூறுல இருந்து மூவாயிரம் பேர் படிக்கிற சின்ன காலேஜ், முக்கால்வாசி இடத்துல இளங்கலை மட்டும்தான், பசங்க கேம்பஸ்லயே தங்கி அங்கயே சாப்பிட்டு நாலு வருஷம் ஓட்டணும். ஆம்ஹர்ஸ்ட், ஓபர்லின், ரீட், கோல்பி, பெரியா எல்லாம் இந்த ரகம். நம்ம ஊர்ல இருந்தும் இப்ப பசங்க இந்த காலேஜ்களுக்கு அப்ளை பண்றாங்க. 2015ல இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த மாணவர் போராட்டங்கள், அப்புறம் 2020ல ஜார்ஜ் ஃபிளாய்டுங்கற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் கொன்னது, இதுக்கெல்லாம் பிறகு கிட்டத்தட்ட எல்லா காலேஜும் இன சமத்துவத்துக்குன்னு ஆபீஸ், கமிட்டி, அறிக்கைன்னு இறங்குச்சு. அந்த வேலை தேவையான வேலைன்னு நான் முழுசா நம்புறேன், அதனாலதான் அது எங்க வீணாப் போகுதுன்னு பார்க்கும்போது ரொம்ப வலிக்குது.

முதல்ல நாம பண்ற ஒரு தப்பைச் சொல்லிடறேன். இங்க இட ஒதுக்கீடு பார்த்து வளர்ந்தவங்க எல்லாரும், அங்கயும் கறுப்பினத்தவருக்கு இத்தனை சீட்டுன்னு ஒரு கோட்டா இருக்குன்னு நெனச்சுக்கறாங்க. கிடையவே கிடையாது. 1978லயே, பேக்கிங்கறவர் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி மேல போட்ட வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சீட்டு ஒதுக்கறது செல்லாதுன்னு சொல்லிடுச்சு, பல விஷயங்கள்ல ஒண்ணா இனத்தையும் பார்த்துக்கலாம்னு மட்டும்தான் விட்டாங்க. அதையும் 2023 ஜூன் 29 அன்னைக்கு ஹார்வர்ட், நார்த் கரோலினா வழக்குல எடுத்துட்டாங்க. இன்னைக்கு ஒரு மாணவர் தன் இனத்தால தன் வாழ்க்கையில என்ன நடந்துச்சுன்னு கட்டுரையில எழுதலாம், காலேஜ் அதைப் படிச்சு அந்த ஆளோட தைரியத்தையோ திறமையையோ எடை போடலாம், அவ்வளவுதான். "கோட்டாவுல வந்தவன்"னு அங்க ஒரு கறுப்பின மாணவரைப் பத்தி நம்ம ஆளுங்க பேசறதைக் கேட்டா தயவுசெஞ்சு திருத்துங்க.

இப்ப காலேஜ்கள் பண்ற தப்புக்கு வருவோம். பெருசு எதுன்னா, அட்மிஷன் சதவீதத்தைப் பார்த்ததும் வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறது. சதவீதம் முக்கியம் இல்லைன்னு சொல்லல, ஆம்ஹர்ஸ்ட்ல தீர்ப்புக்கு அப்புறம் 2024ல சேர்ந்த முதலாமாண்டு வகுப்புல கறுப்பின மாணவர்கள் 11 சதவீதத்துல இருந்து 3 சதவீதத்துக்கு இறங்கினாங்க. ஐநூறு பேருக்கும் குறைவா சேர்ற வகுப்பு அது, அப்போ மூணு சதவீதம்னா பதினஞ்சு பேருக்குள்ள. ஒரு கறுப்பினப் பொண்ணு நாலு க்ளாஸ் எடுத்தா நாலுலயும் அவ ஒருத்தி மட்டும் உக்காந்திருக்கறது சர்வ சாதாரணமா நடக்கும், அடிமை முறை பத்திப் பாடம் வந்தா மொத்த க்ளாஸும் அவ மூஞ்சியைப் பார்க்கும். இத்தனைக்கும் பழைய மாணவர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை குடுக்கற லெகசி முறையை அந்தக் காலேஜ் 2021லயே நிறுத்தின ஒண்ணு. மத்த பல இடத்துல லெகசி இன்னும் அப்படியே இருக்கு, அதை வச்சுக்கிட்டே சமத்துவ அறிக்கை எழுதறாங்க, அதை எப்படி நம்பறது? 2017ல பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியும் அவரோட குழுவும் வெளியிட்ட ஆய்வுல, 38 காலேஜ்கள்ல கீழ்த்தட்டு 60 சதவீதக் குடும்பங்கள்ல இருந்து வர்ற பசங்களை விட மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பசங்கதான் அதிகம்னு வந்துச்சு, அந்த லிஸ்ட்ல லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்கள் நிறையவே உண்டு.

பணம்னு சொன்னதும் ஸ்காலர்ஷிப் குடுத்துட்டோமேன்னு சொல்லுவாங்க. ஃபீஸ் கட்டிட்டாங்க சரி, மார்ச்ல ஸ்ப்ரிங் ப்ரேக் வரும்போது டைனிங் ஹாலைப் பூட்டிட்டா வீட்டுக்குப் போக டிக்கெட் காசு இல்லாத பையன் அந்த வாரம் என்ன சாப்பிடுவான்னு யாரும் யோசிக்கல. ரூம்ல நூடுல்ஸை வச்சு ஒரு வாரம் ஓட்டுவான், திங்கக்கிழமை க்ளாஸ்ல ப்ரேக் எப்படிப் போச்சுன்னு கேட்டா சிரிச்சுட்டு நகர்ந்துடுவான். இந்த மாதிரி பசங்கள்ல கறுப்பின, லத்தீனோ, பூர்வகுடி மாணவர்கள் பங்கு அதிகம்ங்கறதால இதுவும் இன சமத்துவ வேலைதான், ஆனா டைவர்சிட்டி கமிட்டி அஜெண்டாவுல டைனிங் ஹால் சாவி வராது. பல காலேஜ் இப்ப ப்ரேக்லயும் சாப்பாடு போட ஆரம்பிச்சிருக்கு, அதுவும் பசங்க வாய் விட்டுச் சொன்ன பிறகுதான்.

அடுத்தது நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறது, உதவின்னாலே பாடத்தை இலேசாக்கறதுன்னு எடுத்துக்கறது. 1970கள்ல கலிஃபோர்னியாவோட பெர்க்லி யுனிவர்சிட்டியில யூரி ட்ரைஸ்மேன்னு ஒருத்தர், அப்ப அவரே ஆராய்ச்சி மாணவர்தான், கால்குலஸ்ல கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோத்துப் போறாங்கன்னு பார்க்க ஆரம்பிச்சார். வாத்தியாருங்க கிட்ட கேட்டா எல்லார் கிட்டயும் பதில் ரெடி: ஆர்வம் இல்ல, ஸ்கூல்ல அஸ்திவாரம் சரியில்ல, வீட்ல ஆதரவு இல்ல, வசதி இல்ல. அவர் அதை அப்படியே ஏத்துக்காம கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் கூடவே போய் அவங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு கவனிச்சார். பார்த்தா அந்தக் காரணம் ஒண்ணுமே நிக்கல. கறுப்பினப் பசங்க சொன்ன நேரத்துக்கு ஒழுங்கா உக்காந்து படிச்சாங்க, ஆனா தனியா படிச்சாங்க, ஒரு கணக்கு தப்பாப் போனா தனக்குத்தான் வரலையா இல்ல கணக்கே கஷ்டமான்னு கேக்க பக்கத்துல ஆள் இல்ல. சீன வம்சாவளிப் பசங்க முதல்ல தனியா போட்டுட்டு சாயங்காலம் கூடி உக்காந்து விடையை ஒப்பிட்டாங்க, எல்லாரும் ஒரே இடத்துல மாட்டினா கணக்கு கஷ்டம்னு புரிஞ்சுது, ஒருத்தன் மட்டும் மாட்டினா மத்தவன் சொல்லிக் குடுத்தான். உடனே ட்ரைஸ்மேன் என்ன பண்ணாருன்னா, பலவீனமானவங்களுக்கான ட்யூஷன்னு போர்டு போடாம, பாடத்தை விட கஷ்டமான கணக்கு குடுத்து குழுவா உக்காந்து போட வச்சார், அதுல வந்த கறுப்பின மாணவர்களோட மார்க் மத்தவங்களுக்குச் சமமாவும் அதைத் தாண்டியும் போச்சு. பெரிய யுனிவர்சிட்டியில நடந்ததுதான், ஆனா சின்ன காலேஜுக்கு இது இன்னும் சுலபம், க்ளாஸே இருபது பேர்தானே. அப்படியும் பல இடத்துல முதல் வருஷக் கணக்கும் கெமிஸ்ட்ரியும் வடிகட்டற க்ளாஸாவே ஓடுது, டாக்டர் ஆகணும்னு வந்த பையன் ஒரு செமஸ்டர்ல அதை விட்டுடறான், அவனுக்கு ஆறுதல் சொல்ல மட்டும் தனியா ஒரு ஆபீஸ் இருக்கு.

ஃபேகல்டி பக்கம் இன்னொரு அநியாயம். மொத்தக் காலேஜுக்கும் கறுப்பினப் பேராசிரியர் நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க, ஒவ்வொரு கமிட்டிக்கும் ஒரு வெள்ளையர் அல்லாத ஆள் வேணும்னு அதே நாலஞ்சு பேரையே கூப்பிடுவாங்க. பத்தாததுக்கு, மனசு உடைஞ்சு அழற மாணவர்கள் தேடிப் போறது அவங்க ரூமுக்குத்தான். இதுக்கு அமாடோ படியாங்கற உளவியல் பேராசிரியர் 1994லயே "கலாச்சார வரி"ன்னு பேர் வச்சார். டென்யூர், அதாவது நிரந்தர வேலை, முடிவு பண்ற நேரம் வந்தா புத்தகம் எங்க, கட்டுரை எங்கன்னு கேக்கறாங்க, அந்த மணிநேரத்தையெல்லாம் யாரும் கணக்குல எடுக்கறதில்ல. இதைச் சரி பண்ண பெரிய தத்துவம் ஒண்ணும் வேண்டாம், கமிட்டி வேலைக்குப் பதிலா ஒரு க்ளாஸ் குறைச்சுக் குடுங்க, டென்யூர் விதியில அந்த வேலைக்கு மதிப்பு இருக்குன்னு எழுத்துல போடுங்க.

கட்டாய ட்ரெயினிங் பத்தி சுருக்கமா: ஃப்ராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ்ங்கற சமூகவியல் ஆய்வாளர்கள் ரெண்டு பேரும் கம்பெனிகள்ல பல வருஷ டேட்டாவைப் பார்த்து, பாகுபாடு பார்க்காதீங்கன்னு ஊழியர்களைக் கட்டாயப்படுத்தி உக்கார வைக்கிற ட்ரெயினிங் பலன் தர்றதில்ல, சில இடத்துல எதிராவே போகுதுன்னு காட்டினாங்க, அதை விட அனுபவசாலி ஒருத்தர் புதுசா வந்தவங்களுக்கு வழிகாட்டற முறை நல்லா வேலை செஞ்சுது. கம்பெனி டேட்டாதான், ஆனா வருஷத்துக்கு ஒருதரம் ஆன்லைன்ல க்ளிக் பண்ணி முடிக்கிற கோர்ஸைப் பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

பழைய பெருமையை வச்சே காலம் தள்றதும் உண்டு. ஓபர்லின் 1835லயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவு பண்ணுச்சு, நிஜமாவே பெரிய விஷயம். ஆனா அந்த மாதிரி ஆரம்பம் தானா நிலைச்சுடாது, பெரியா காலேஜைப் பாருங்க: 1855ல அடிமை முறை நடந்துக்கிட்டு இருந்த கென்டக்கியில ஆரம்பிச்சு, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒண்ணா படிச்ச இடம், 1904ல மாநில அரசு சட்டம் போட்டு அதைத் தடுத்துச்சு, 1908ல உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும்னுடுச்சு, 1950 வரைக்கும் கறுப்பின மாணவர்கள் திரும்ப வர முடியல.

இதே விஷயம் இப்பவும் நடக்குது. ஃப்ளோரிடாவுல நியூ காலேஜ்னு ஒரு அரசு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ், 2023 ஜனவரியில கவர்னர் புது நிர்வாகக் குழு உறுப்பினர்களைப் போட்டார், சில வாரத்துலயே டைவர்சிட்டி ஆபீஸை மூடிட்டாங்க. எல்லா வேலையையும் ஒரே ஆபீஸ்ல, ஒரே டீன் தலையில வச்சிருந்தா அந்த போர்டைக் கழட்டின அன்னைக்கே எல்லாம் போயிடும். கணக்கு டிபார்ட்மென்ட் பாடம் நடத்தற முறையில, பண உதவி விதியில, டென்யூர் விதியில போய்ச் சேர்ந்த மாத்தத்தை அவ்வளவு சீக்கிரம் பிடுங்க முடியாது.

கடைசியா நம்மளை நேரடியாத் தொடுற ஒண்ணு. "ஏஷியன்"னு ஒரே கட்டத்துல எல்லாரையும் போட்டுட்டு, இவங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்லன்னு காலேஜ் முடிவு பண்ணிடுது. வியட்நாம்ல இருந்து அகதியா வந்த குடும்பத்துப் பிள்ளை, ஈழத்துல இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, பெங்களூர் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல படிச்சுட்டு வந்த பிள்ளை எல்லாரும் அந்தக் கணக்குல ஒண்ணு. நமக்குள்ள இருக்குற சாதி அதுல கண்ணுக்கே தெரியாது. இதைப் புரிஞ்சுக்கிட்டு மெயின் மாநிலத்துல இருக்குற கோல்பி காலேஜ் 2021ல பாகுபாடு கூடாதுங்கற விதியில சாதியையும் சேர்த்துச்சு, அதுக்கு முன்னாடி 2019ல பிராண்டைஸ் யுனிவர்சிட்டி சேர்த்திருந்துச்சு. ஆனா விதியில வார்த்தை வந்தா மட்டும் பத்தாது. ரூம்மேட் முதல் நாளே "உங்க நேட்டிவ் எது, வீட்ல நான்வெஜ் சாப்பிடுவீங்களா, அப்பா பேர் என்ன"ன்னு வரிசையா கேட்டு, பதிலைக் கேட்ட பிறகு சமையல் பாத்திரத்தைத் தனியா எடுத்து வச்சுக்கிட்டா, புகார் வாங்குற அமெரிக்க அதிகாரிக்கு அதுல என்ன தப்பு நடந்துச்சுன்னே விளங்காது. பிள்ளையை இந்த மாதிரி காலேஜுக்கு அனுப்புறவங்க அட்மிஷன் ஆபீஸ்ல ராங்கிங் கேக்கறதோட விடாம, சாதி விதியில இருக்கா, இருந்தா புகாரை விசாரிக்கிறவங்களுக்கு அது எப்படி நடக்கும்னு யாராவது சொல்லிக் குடுத்திருக்காங்களான்னும் கேளுங்க.