இரவில் காது இரைகிறதா? அறையை நிசப்தமாக்காதீர்கள்

பகல் முழுவதும் பேருந்து ஹாரனிலும் கடைத்தெருப் பேச்சிலும் அமுங்கிக் கிடக்கும் காது இரைச்சல், விளக்கை அணைத்துப் படுத்ததும் 'ஙொய்' என்று மேலெழுவதற்குப் பெரும்பாலும் காரணம், இரைச்சல் கூடியது அன்று. சுற்றிலும் வேறு ஒலி இல்லாமற்போனதே. ஆகவே காதில் பஞ்சு அடைப்பது நிலைமையை மோசமாக்கவே செய்யும். மின்விசிறியையோ, கைபேசியில் மழை ஓசையையோ, இரைச்சலை அடியோடு மூழ்கடிக்காமல் அதைவிடச் சற்றே தாழ்வாக, இரண்டும் ஒருசேரக் கேட்கும் அளவில் விடிய விடிய ஓடவிடுங்கள். நாளடைவில் மூளை அந்த இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சன்னலைத் திறந்து வைத்தாலே போதும், அலையோசை செலவில்லாமல் கிடைக்கும் (கொசுவலை மட்டும் அவசியம்).

காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ நாடித் துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் அப்பிரிவு உண்டு. திடீரெனக் காது கேட்காமற்போனால், சில நாள் தாமதித்தாலும் சிகிச்சையின் பலன் குறைந்துவிடும் என்பதால், அன்றே செல்லுங்கள்.