காரை எல்பிஜிக்கு மாற்றலாமா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

போன வாரம் புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து மச்சான் போன் பண்ணினான். "மாமா, காருக்கு கேஸ் கிட் போடலாம்னு இருக்கேன். நாற்பதாயிரம் சொல்றாங்க. அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?"

"உன் வீட்டிலேருந்து கேஸ் பங்க் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் அவனை உட்கார வைத்து, நோட்டில் எழுதிக் காட்டியதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நான் ஐந்து வருஷமாக எல்பிஜியில் ஓட்டுகிறேன். அதனால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கிட் விலையை மட்டும் பார்த்து இறங்கியவர்கள் பாதியில் அதைக் கழற்றிப் போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படி 1: பங்க்குக்கு நேரில் போய் வாருங்கள்

மேப்பில் பார்ப்பது போதாது. ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். நாம் பார்ப்பது ஆட்டோ எல்பிஜி பங்க். பெட்ரோல் பங்க் தெருவுக்குத் தெரு இருக்கும், இது அப்படி இல்லை. கேஸ் போடும் தம்பியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: லோடு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? ஆட்டோக்காரர்கள் வரிசை எப்போது அதிகம்? ஒருமுறை நான் இருபது நிமிஷம் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது "லோடு இன்னும் வரல சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்குப் பெட்ரோலில்தான் வீடு திரும்பினேன்.

பங்க் உங்கள் அன்றாட வழியிலேயே இருக்கிறதா, அதற்கென்றே தனியாகப் போக வேண்டுமா என்று நோட்டில் எழுதுங்கள். பின்னால் எல்லாக் கணக்கும் இங்கேதான் வந்து நிற்கும்.

படி 2: நீங்கள் கொடுக்கும் பெட்ரோல் விலை எது?

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தப் படி தேவைப்படாது. புதுச்சேரியில் வாட் வரி குறைவு என்பதால் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு. கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவது அதனால்தான். எல்பிஜியில் உங்களுக்கு மிச்சமாவது இரண்டு எரிபொருளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே. பெட்ரோல் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் அந்த வித்தியாசமும் சுருங்கிவிடும். ஆகவே சென்னை நண்பர் சொன்ன கணக்கு புதுச்சேரிக்குச் செல்லாது.

படி 3: கிலோமீட்டருக்கு எவ்வளவு?

ஒரு லிட்டர் எல்பிஜியில் உள்ள எரிசக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிடக் குறைவு. மைலேஜ் 20 முதல் 25 சதவீதம் வரை இறங்கும். பெட்ரோலில் 15 கொடுக்கும் வண்டி கேஸில் 12 கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். "அதே மைலேஜ் வரும் சார்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கணக்குக்காக சில எண்களை வைத்துக்கொள்வோம், நீங்கள் படிக்கும் நாளின் விலையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் லிட்டர் 65 ரூபாய், கிட் 40,000 ரூபாய், பெட்ரோல் புதுச்சேரியில் 96, கடலூரில் 102.

கேஸில் கிலோமீட்டருக்கு 65-ஐ 12-ஆல் வகுத்தால் 5.42 ரூபாய். பெட்ரோலில் புதுச்சேரி விலைக்கு 6.40, கடலூர் விலைக்கு 6.80. மிச்சம் முதலாமவருக்கு 98 காசு, இரண்டாமவருக்கு 1.38 ரூபாய். போட்ட நாற்பதாயிரம் திரும்பி வர கடலூர்க்காரர் சுமார் 29,000 கி.மீ. ஓட்ட வேண்டும், புதுச்சேரிக்காரர் சுமார் 41,000 கி.மீ. ஒரே கார், ஒரே கிட், நடுவில் ஓர் எல்லைக்கோடு. அதற்கே இந்த வித்தியாசம்.

இப்போது பங்க் தூரத்தைச் சேருங்கள். 48 லிட்டர் டேங்க்கில் 80 சதவீதம்தான் நிரப்ப முடியும். வெயிலில் கேஸ் விரிவடைய இடம் வேண்டும் என்பதால் அந்த அளவில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆக 38 லிட்டர், 2,470 ரூபாய், 456 கி.மீ. பங்க்குக்குத் தனியாகப் போய் வர 20 கி.மீ. ஆகும் என்றால், உங்களுக்குப் பயன்படுவது 436 கி.மீ. அதே 436-ஐ புதுச்சேரி பெட்ரோலில் ஓட்டினால் 2,790 ரூபாய். ஒரு டேங்க்குக்கு மிச்சம் 320. நாற்பதாயிரத்தை 320-ஆல் வகுங்கள்: 125 முறை டேங்க் நிரப்ப வேண்டும், சுமார் 54,500 கி.மீ. ஓட வேண்டும்.

இந்த 125-ஐ நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படி 4: ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

இன்றைய கிட்களில் வண்டி பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். எல்பிஜி டேங்க்கில் திரவமாக இருக்கிறது, அதை ஆவியாக்கும் ரெடியூசர் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட்டின் சூட்டை வாங்கித்தான் வேலை செய்கிறது. கூலன்ட் சூடேறிய பிறகே கேஸுக்கு மாறும். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மாறிவிடும், ஆனாலும் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெட்ரோல்தான். புதுச்சேரிக்குள்ளேயே முருங்கப்பாக்கத்திலிருந்து பக்கத்து மரப்பாலம் வரை போய்த் திரும்பும் வண்டிக்கு அதுவே பெரிய பங்கு. கடலூர் – விழுப்புரம் ஓடும் வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று: கேஸ் இருக்கிறதே என்று பெட்ரோல் டேங்க்கை வறள விடாதீர்கள். பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான் குளிர்ந்து நிற்கிறது. கால் டேங்க் எப்போதும் வைத்திருங்கள்.

படி 5: கிட்

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு, கேஸைக் காற்றோடு கலந்து அனுப்பும் மிக்ஸர் கிட். எம்பிஎஃப்ஐ வண்டிக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள வண்டிக்கு, அதே போல் தனித்தனியாகக் கேஸ் செலுத்தும் சீக்வென்ஷியல் கிட். மலிவு என்று இன்ஜெக்ஷன் வண்டிக்கு மிக்ஸர் போட்டால் இழுவையும் போகும், மைலேஜும் போகும். உங்கள் மாடலுக்கே அங்கீகாரம் பெற்ற கிட்டா என்று சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த பெட்ரோல் கார்களில் கிட் போட 2022-இல்தான் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அங்கீகாரம் மாடலுக்கு மாடல் தனித்தனி. கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் கிட் யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டுச் சிலிண்டரைப் பின்னால் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டு உடனே வெளியே வாருங்கள். அது சட்டவிரோதம். 80 சதவீதத்தில் நிறுத்தும் வால்வு அதில் கிடையாது. பின்சீட்டில் நம் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள்.

படி 6: ஆர்சி, இன்சூரன்ஸ்

கிட் போட்ட 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியில் எரிபொருளை மாற்றிப் பதிய வேண்டும். கிட் சான்றிதழ், டேங்க் சீரியல் எண், பொருத்திய பில் மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். கிட் மதிப்பில் 4 சதவீதம் ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதம்) பிரீமியத்திலும், 60 ரூபாய் தேர்டு பார்ட்டி (மற்றவர்களுக்கு ஆகும் சேதம்) பிரீமியத்திலும் கூடும். இந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடிக்காதீர்கள். 2024 டிசம்பர் 1 உங்களுக்கு நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, வாசலில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. பாலிசியில் ஏறாத கிட்டுக்கு அப்படிப்பட்ட நாளில் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பீர்கள்?

படி 7: வண்டி இழப்பது என்ன?

டிக்கியைத் திறந்து பாருங்கள். வட்ட டேங்க் ஸ்டெப்னி குழியில் உட்காரும், ஸ்டெப்னி மேலே வந்து கிடக்கும். உருளை டேங்க் என்றால் டிக்கியில் பாதி போச்சு. மேடேறும்போது இழுவை கொஞ்சம் குறையும். எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் எஞ்சின் வால்வு மூடும்போது உட்காரும் வளையமான வால்வு சீட்டின் தேய்மானம் அப்படி விடக்கூடியது இல்லை. கேஸ் உலர்ந்து எரிவதால் சில எஞ்சின்களில் வால்வு சீட் சீக்கிரம் தேயும். வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்கும் டேப்பட் இடைவெளியைத் தவறாமல் பார்க்க வேண்டும். பிளக், ஏர் ஃபில்டர், கேஸ் ஃபில்டர் செலவையும் வருஷக் கணக்கில் சேருங்கள்.

படி 8: கடற்காற்றும் சோப்புத் தண்ணீரும்

நம் ஊர் உப்புக்காற்று இரும்பை விடாது. டேங்க்கைப் பிடித்திருக்கும் பட்டை, போல்ட், அடியில் போகும் பைப் கிளிப் எல்லாவற்றையும் மழைக்காலம் முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். போன தை மாதம் என் வண்டியில் மெக்கானிக் ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கலக்கி, பழைய பிரஷ்ஷால் ரெடியூசர் பக்கத்து இணைப்பில் தடவினார். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடுகு அளவில் ஒரே ஒரு குமிழி எழும்பி உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று. "பாத்தீங்களா சார், இது வாசனைக்கே வராது" என்றார். ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது.

எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் பறந்து போகாமல் தரையோடு தரையாகப் பள்ளத்தில் தங்கும். அடித்தள பார்க்கிங்கில் விடாதீர்கள். வாசனை வந்தால் எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கி, கதவுகளைத் திறந்துவிட்டு, டேங்க் வால்வை மூடுங்கள். எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம்.

டேங்க்கை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவும், வண்டி இல்லாமல் இருக்கும் நாட்களும் கணக்கில் சேரட்டும்.

எனக்கு இது ஏன் ஒத்துவந்தது என்றால், மாதம் 1,800 கி.மீ. ஓடுகிறேன், கடலூர் விலையில் பெட்ரோல் போடுகிறவன், பங்க் வேலைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. போட்ட பணம் ஒன்றரை வருஷத்துக்குள் வந்துவிட்டது. மச்சான் மாதம் ஓட்டுவது 600 கி.மீ., பங்க்குக்குத் தனியாகப் போக வேண்டும். 54,500-ஐ 600-ஆல் அவனே வகுத்தான்: ஏழரை வருஷம். காருக்கு இப்போதே ஒன்பது வயது, ஆர்சி பதினைந்தாம் வருஷம் முடிகிறது.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. என் டேங்க்குக்கு அடுத்த மாதம் சோதனை வருகிறது, கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.