கறவை மெஷின் வால்வுக்கு மாற்றுப் பாகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சி, பல்லடம், கோபி பக்கமெல்லாம் ஐந்தாறு மாடு வைத்திருப்பவர்கள்கூட இப்போது டிராலியில் வரும் கறவை மெஷினுக்கு மாறிவிட்டார்கள். சில வருடம் ஓடியதும் பாலை உறிஞ்சி இழுக்கும் வேக்கத்தை (வெற்றிட அழுத்தத்தை) அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் வால்வு தேய்ந்துபோகும். வாங்கிய இடத்தில் கேட்டால் அந்த மாடலே இப்போது வருவதில்லை என்பார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரமோ நெருங்கிக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டினால், அதன் பலனை மாட்டின் காம்புதான் அனுபவிக்கும்.

அந்த வால்வின் வேலை இவ்வளவுதான்: பம்ப் இழுக்கும் வேக்கம் அளவைத் தாண்டும்போது வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு, அளவோடு நிறுத்துவது. பசுவுக்குப் பொதுவாக 40 முதல் 50 கிலோபாஸ்கல் வரை வைப்பார்கள். பாதரச அங்குலம் காட்டும் கேஜ் என்றால் 12 முதல் 15. உங்கள் மெஷினுக்கு எவ்வளவு என்று அதனுடன் வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஜ் முள் இறங்கியதுமே வால்வுதான் போய்விட்டது என்று முடிவு கட்டுவது முதல் தப்பு. ஹோஸில் வெடிப்பு, கேன் மூடியின் ரப்பர், பம்புக்குள் சுழலும் வேன் தகடுகளின் தேய்மானம் என்று எதுவாகவும் இருக்கலாம். காம்பில் மாட்டும் கப்புகளைக் கழற்றி அடைத்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள். ரெகுலேட்டரில் காற்று நுழையும் வழியை ஒரு நொடி கையால் மூடிப் பாருங்கள். முள் சட்டென்று ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, காற்று வால்வு வழியாகத்தான் போகிறது. ஏறவில்லையென்றால் கோளாறு வேறு இடத்தில். வால்விலேயே என்றாலும், தவிட்டுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒட்டியிருந்தால் கழற்றித் துடைத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். துடைக்கிறேன் என்று ரப்பரைப் பெட்ரோலில் மட்டும் ஊறப்போடாதீர்கள். உப்பிப்போகும்.

ஸ்பிரிங்கை முறுக்கியோ, வால்வை அழுத்தி மூடும் எடைக்குண்டின் மேல் வாஷர் ஏற்றியோ முள்ளை மேலே கொண்டுவருவது அடுத்த தப்பு. கேஜில் பழைய எண் தெரியும்போது வேலை முடிந்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் வால்வு திறக்க வேண்டிய அளவையே நீங்கள் உயர்த்திவிட்டீர்கள். என்றைக்காவது அது தன் சீட்டில் (வால்வு உட்கார்ந்து மூடும் துளை விளிம்பில்) நன்றாகப் படிந்து ஒழுகாமல் நின்றால், வேக்கம் எகிறிவிடும். காம்பு நுனி கெட்டியாவது, கப்பைக் கழற்றியதும் நீலம் பாரித்திருப்பது, கப்பின் வாய் பட்ட இடத்தில் வளையம் விழுவது எல்லாம் இப்படி வரக்கூடியவை. மடிநோய்க்கு அது வழி திறந்துவிடும்.

இனி பெரிய தப்புக்கு வருவோம். தேய்ந்த பாகத்தை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், "ஏனுங்ணா, இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க" என்று நீட்டுவது. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்புக்குப் பாகம் கடைந்து பழகிய கைகள் எத்தனையோ உண்டு. நீங்கள் கொடுத்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், தேய்மானத்தையும் சேர்த்து. அளவை உரசாத இடத்தில் எடுக்க வேண்டும். வால்வுக் கூம்பில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அதுதான் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம். அதற்கு மேலும் கீழும் வெர்னியரை வைத்துப் பார்த்தால் பழைய அளவு கிட்டத்தட்ட பிடிபடும். அதே மாடல் மெஷின் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள்.

சீட்டை விட்டுவிட்டுக் கூம்பை மட்டும் மாற்றினாலும் ஒழுகும். இரண்டையும் லேசாக லாப்பிங் பேஸ்ட் (தேய்த்துப் பொருத்தும் பொடிப் பசை) போட்டுச் சேர்த்துத் தேய்த்து, பேஸ்ட் துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். அதற்காகச் சீட்டுத் துளையையே பெரிதாக்கிவிடக் கூடாது. குண்டின் எடையால் மூடும் வால்வில் இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் துளையை 45 கிலோபாஸ்கலில் அடைத்துப் பிடிக்க ஏறக்குறைய 360 கிராம் எடை வேண்டும். பட்டறையில் சுத்தமாக்குகிறேன் என்று துளையை 11 மில்லிமீட்டர் ஆக்கினால், அதே குண்டு 37 கிலோபாஸ்கலிலேயே தூக்கிவிடும். கப் வழுக்கும், கறவை இழுத்துக்கொண்டே போகும். எதனால் என்று தெரியாமல் ஹோஸை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். குண்டை மெருகேற்றுகிறேன் என்று கடைந்து எடை குறைத்தாலும் இதே கதைதான்.

எந்தப் பொருளில் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். பட்டறையில் நைலான் ராடு எப்போதும் கிடக்கும், விலையும் குறைவு. ஆனால் நைலான் ஈரத்தை இழுத்து உப்பும். கழுவிக்கொண்டே இருக்கும் கட்டுத்தரையில் நெருக்கமாகப் பொருந்த வேண்டிய பாகத்துக்கு அது ஆகாது. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், இல்லையென்றால் 304 ஸ்டெயின்லெஸ். அலுமினியத்தைக் காரச் சோப்பு அரிக்கும்.

ரப்பருக்கு சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவதை நிறைய இடத்தில் பார்க்கலாம். பம்பிலிருந்து வரும் எண்ணெய் ஆவி பட்டால் அது ஊறிக் கொழகொழத்துவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். பால் படும் இடமென்றால் உணவுத் தரத்தில் உள்ளதுதான். ஓ-ரிங் கேட்கும்போது "அரை இஞ்ச் ஒண்ணு" என்று கேட்காதீர்கள். உள்விட்டம், தடிமன் இரண்டும் சொல்ல வேண்டும். 2.5, 2.62 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய ரிங் நசுங்கியிருக்கும் என்பதால், அது உட்காரும் பள்ளத்தை அளந்து சொல்வதே நல்லது.

கப்பைத் துடிக்கவைக்கும் பல்சேட்டரில் உள்ள டயாபிரம் என்ற ரப்பர் தகட்டுக்கும் இது பொருந்தும். தடித்த ரப்பரைப் போட்டால் துடிப்பின் கணக்கே மாறிவிடும். கப்புக்குள் இருக்கும் ரப்பர் குழாயான லைனருக்குள் கட்டைவிரலை விட்டுத் துடிப்பை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 என்பது பசுவுக்கு வழக்கமான அளவு.

புதுப் பாகம் போட்டதும் நேராக மாட்டுக்குப் போகாதீர்கள். எல்லாக் கப்பையும் அடைத்து ஓட்டி, ஒன்றை மட்டும் ஐந்து நொடி திறந்து மறுபடி அடையுங்கள். முள் இறங்கி, பழைய இடத்துக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். அளவைத் தாண்டி ஏறிவிட்டுப் பிறகு இறங்கினால் வால்வு இன்னும் எங்கோ பிடிக்கிறது. கழற்றி, கூம்பு தானாகச் சரிந்து சீட்டில் விழுகிறதா என்று பாருங்கள்.