ஸ்போர்ட்ஸ் கார் பானெட்டில் வெண்ட் அமைப்பது எப்படி?

இன்ஜின் சூடேறினால் பலரும் முதலில் கிரில்லைத்தான் பார்க்கிறார்கள். காற்று உள்ளே போவதற்கு வழி பெரிதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். முன் ஜன்னலைத் திறந்து வைத்துப் பின்கதவைச் சாத்தி வைத்தால் வீட்டுக்குள் காற்றோட்டம் இருக்காது; காரிலும் அப்படித்தான். ரேடியேட்டரைத் தாண்டி வந்த காற்று பெரும்பாலும் காரின் அடிப்பக்கமாகவே வெளியேற வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜினைச் சுற்றி இடம் குறைவு என்பதால் அந்த வழியும் குறுகல். போதாக்குறைக்கு, ரேடியேட்டரில் 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாகும் காற்று சுமார் 13 சதவீதம் விரிவடைகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, ரேடியேட்டர் வழியாகப் பாயும் காற்று குறைகிறது. இந்த அழுத்தத்தை இறக்குவதற்குத்தான் பானெட் வெண்ட், அதாவது பானெட்டில் வெட்டி வைக்கும் காற்றுத் துவாரம்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் பானெட்டில் நிமிர்ந்து நிற்கும் ஸ்கூப், காற்றை உள்ளே வாங்கி இன்ஜின் மேல் இருக்கும் இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கொடுக்கிறது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் பானெட்டில் இருக்கும் வெண்டோ சூடான காற்றை வெளியே விடுகிறது. இங்கே சொல்லப்போவது இரண்டாவது வகை. இன்ஜின் முன்பக்கம் இருக்கும், உலோக பானெட் கொண்ட கார்களுக்கானது. வேலையில் இறங்கும் முன் உங்கள் நாட்டின் வாகன மாற்ற விதிகளையும் காப்பீட்டு நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

படி 1: கூலிங் அமைப்பைச் சரிபாருங்கள்

கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) அளவு, அதன் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா? கார் நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் ஃபேன் மீது விழ வேண்டும். வேகமாக, தொடர்ந்து ஓட்டும்போது ஏறினால் காற்றோட்டத்தையும் கூலண்ட் ஓட்டத்தையும் பாருங்கள். பழுதை மூடி மறைக்க வெண்ட் வைக்கக் கூடாது.

அடுத்து, ரேடியேட்டரைச் சுற்றி இருக்கும் இடைவெளிகள். காற்று எளிதான வழியைத்தான் தேடும். ஓரத்தில் விரலளவு சந்து இருந்தாலும் ரேடியேட்டரை விட்டுவிட்டு அதன் வழியே நழுவும். ஃபோம் பட்டையாலோ மெல்லிய அலுமினியத் தகட்டாலோ அவற்றை அடைத்துவிடுங்கள். சில கார்களில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தீர்ந்தால் நல்லது, பானெட்டைத் தொடாதீர்கள்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வெண்டின் அழகும் அளவும் பிறகு. துவாரத்துக்கு மேலே இருக்கும் அழுத்தம் கீழே இருப்பதைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே காற்று வெளியேறும்.

ஓடும் காரில் பானெட்டின் முன்பகுதியில், காற்று வளைந்து மேலேறும் இடத்தில், அழுத்தம் குறைவு. பின்னால் போகப் போக அது கூடும். முன் கண்ணாடியின் அடியில் காற்று தடுக்கப்படுவதால் அங்கே அதிகம். ஆகவே ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து நடுப்பகுதிக்குள் இடம் தேடுங்கள். கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்துப் பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நிற்கும்போது வெப்பம் கொஞ்சம் வெளியேறும் என்பதைத் தவிர வேகத்தில் அதனால் பயனில்லை. காற்று அந்த வழியாக உள்ளேதான் வரும். 1969 செவ்ரோலே கமாரோவுக்குக் கிடைத்த ‘கவுல் இண்டக்‌ஷன்’ பானெட், கண்ணாடியைப் பார்த்துத் திறந்திருக்கும் வாய் வழியாக இன்ஜினுக்குக் காற்று வாங்கியது இந்த அழுத்தத்தை நம்பித்தான்.

உங்கள் காரில் அளந்தே பார்க்கலாம். ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயை ‘யு’ வடிவில் ஒரு பலகையில் கட்டி, வண்ண நீர் ஊற்றுங்கள். ஒரு முனை இன்ஜின் அறைக்குள். மறுமுனையை ஒரு சிறிய தட்டைத் தகட்டில் மேல்நோக்கித் திறந்திருக்கும்படி பதித்து, பானெட் மீது டேப்பால் ஒட்டுங்கள். பானெட் பக்கக் குழாயில் நீர் உயர்ந்தால் அங்கே உறிஞ்சல் இருக்கிறது என்று பொருள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தமே சுமார் 48 மில்லிமீட்டர் நீர் உயரம்தான். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். தகட்டை நகர்த்தி நகர்த்தி, ஒரே வேகத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து இல்லாத மூடிய தடத்தில் செய்யுங்கள். அளவைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

படி 3: அடியில் என்ன இருக்கிறது?

பானெட் இரண்டு அடுக்கு: மேல்தகடு ஒன்று, அதைத் தாங்கும் உள்சட்டம் ஒன்று. பூட்டையும் கீல்களையும் இணைக்கும் உள்சட்ட விலாக்களை வெட்டக் கூடாது. மோதலின்போது பானெட் மடங்க வேண்டிய விதம் அவற்றைப் பொறுத்தது. விலாக்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடங்களே நமக்கான இடம்.

வெண்டின் அடிப்பாகம் இன்ஜினில் இடிக்குமா என்று அறிய, உயரமான பாகங்களின் மீது களிமண் உருண்டைகளை வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய உருண்டையின் தடிமனே உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் ஆகியவற்றுக்கு நேர் மேலே துவாரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் அங்கேதான் சொட்டும்.

படி 4: வெட்டுதல்

துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பானெட்டைக் கழற்றிவிடுங்கள். கழற்றும் முன் கீல்களின் இடத்தை மார்க்கரால் வரைந்துகொண்டால் திரும்பப் பொருத்தும்போது அலைய வேண்டாம். வெட்டும் பகுதி முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோட்டிலிருந்து அளந்து அட்டை மாதிரியை வரையுங்கள். பிறகு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அருகில் தெரியாத கோணல் அங்கிருந்து தெரியும்.

மூலைகளில் முதலில் துளை போடுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும் என்பதால் அவை வட்டமாகவே இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, தகட்டுக்கான நுண்பல் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உட்பக்கமாக வெட்டி, மீதியை அரத்தால் தேய்த்து எடுங்கள். ஜிக்சாவின் அடித்தட்டிலும் டேப் ஒட்டினால் பெயிண்ட் கீறாது. ஆங்கிள் கிரைண்டர் வேகமானதுதான். ஆனால் அதன் தீப்பொறிகள் பெயிண்டிலும் கார் கண்ணாடியிலும் பதிந்துவிடும், புதியவர்களுக்கு வேண்டாம்.

படி 5: பொருத்துதல்

வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்கி, அன்றே ப்ரைமரும் பெயிண்டும் பூசுங்கள். உள்சட்டத்தின் விளிம்பை மறந்துவிட்டால் துரு அங்கிருந்து கிளம்பும். ரிவெட்டைவிட போல்ட்டும் லாக் நட்டும் எனக்குப் பிடிக்கும். கழற்றிச் சுத்தம் செய்யலாம். அலுமினிய பானெட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடாதபடி நைலான் வாஷர் வையுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் அரிக்கும். வெண்டின் இதழ்கள் முன் கண்ணாடிப் பக்கம் பார்த்துத் திறக்க வேண்டும். துவாரத்தின் முன்விளிம்பில் சிறிய தகட்டு உதடு இருந்தால் உறிஞ்சல் கூடும்.

படி 6: சோதனை

ஒரே பாதை, ஒரே வேகம், ஏறக்குறைய ஒரே வெயில். ஓபிடி கருவியில் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் கருவி) கூலண்ட் வெப்பநிலையை வெண்டுக்கு முன்னும் பின்னும் குறித்து ஒப்பிடுங்கள். சாதாரண ஓட்டத்தில் மாற்றம் தெரியாவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். வெப்பநிலையைத் தெர்மோஸ்டாட் தன் அளவில் பிடித்து வைத்திருக்கும். அது முழுவதும் திறந்த பிறகும் வெப்பம் ஏறுகிற கடும் ஓட்டத்தில்தான் வெண்டின் பலன் தெரியும்.

பானெட் பூட்டு முழுதாக விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பாருங்கள். வேகத்தில் பானெட் படபடத்தால் விறைப்பு குறைந்துவிட்டது என்று பொருள். பானெட்டை அழுத்திப் பிடிக்கும் கூடுதல் பின்கள் போடும்வரை வேகமாக ஓட்டாதீர்கள். வெளியில் நிறுத்தும் காராக இருந்தால் வெண்டுக்கு ஒரு மூடியோ, அடியில் வடிகுழாய் வைத்த தட்டோ செய்துகொள்ளுங்கள். முதல் நெடும்பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடுங்கள். அதிர்வில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கக்கூடும்.