பிரிட்டனில் மிட்வைஃப் ஆகப் படிக்க: ஆரம்பத்திலிருந்து ஒரு வழி

மிட்வைஃபரி படிக்கப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பிரசவம் பாக்குறதுக்கு டிகிரியா?" இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. எங்கள் ஊரில் மருத்துவச்சி என்றால் நாவிதர் வீட்டுப் பெண். நெல்லும் ஒரு சேலையும்தான் கூலி. அம்மாவின் தயக்கத்துக்குள் சாதியும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இங்கே பிரிட்டனில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர் "எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். முப்பது வயதுக்கு மேல், இரண்டு பிள்ளைகளோடு, நான் போன வழியை இங்கே எழுதுகிறேன். தொகைகளும் விதிகளும் பெரும்பாலும் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பணவுதவி முறை வேறு.

1. இது என்ன வேலை என்று முதலில் பாருங்கள்

நம் ஊரில் நர்சிங் படித்தால் மிட்வைஃபரியும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். இங்கே அப்படியில்லை. நர்ஸ் ஆகாமலேயே நேராக மூன்று வருட மிட்வைஃபரி பட்டப்படிப்பில் சேரலாம். 1902இல் மிட்வைஃப்களுக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. இன்றைக்கும் பதிவு பெற்ற மிட்வைஃபோ டாக்டரோ, அவர்களிடம் பயிற்சியில் இருக்கும் மாணவரோ தவிர வேறு யாரும், அவசரத்துக்கு அல்லாமல், பிரசவம் பார்ப்பது குற்றம். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை மிட்வைஃப்தான் பொறுப்பு. ஏதாவது தடம் மாறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டியதும் அவர்தான்.

பிரசவ வார்டு இதில் ஒரு பகுதிதான். முதல் பிள்ளைக்காரிக்குப் பத்து முறை, அடுத்தடுத்த பிள்ளைக்கு ஏழு முறை என்று கர்ப்ப காலச் சந்திப்புகள் இருக்கும். குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் உண்டு. டிவியில் காட்டும் "புஷ், புஷ்" காட்சிக்காக மட்டும் வருபவர்கள் முதல் வருடத்திலேயே சலித்துவிடுகிறார்கள்.

2. விசாவையும் பணத்தையும் இப்போதே பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். நீங்கள் உள்நாட்டு மாணவரா, வெளிநாட்டு மாணவரா என்பதை வைத்துத்தான் எல்லாம். பொதுவாக, படிப்பு தொடங்கும் நாளில் இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும், அதற்கு முன் மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும். கணவரின் வேலை விசாவில் டிபெண்டன்டாக இருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டுக் கட்டணம்தான். கடனும் கிடைக்காது. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை, நிரந்தர அனுமதி வரும்வரை காத்திருங்கள், அதுவரை 3, 4ஆம் படிகளை முடியுங்கள்.

உள்நாட்டு மாணவருக்கு 2025-26இல் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு வரை. அதைக் கல்விக் கடனாக எடுக்கலாம். இதற்கு மேல், என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) வருடத்துக்கு 5,000 பவுண்டு தருகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் 2,000. பயிற்சி இடத்துக்குப் போய்வர ஆகும் கூடுதல் செலவையும் கேட்டு வாங்கலாம், ரசீதுகளை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு விஷயம், நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். ஏற்கனவே ஊரில் பி.காம். அல்லது பி.இ. முடித்தவர்களுக்கு இங்கே இரண்டாவது பட்டத்துக்குச் சாதாரணமாகக் கடன் தர மாட்டார்கள். மிட்வைஃபரியும் நர்சிங்கும் அதற்கு விலக்கு. இது தெரியாமல் ஒரு வருடம் சும்மா இருந்தேன்.

3. மதிப்பெண்

பள்ளி முடித்த பிள்ளைகள் என்றால் மூன்று பாடங்களில் ஏ லெவல், அதாவது நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. பல இடங்களில் உயிரியல் போன்ற ஓர் அறிவியல் பாடமும் கேட்பார்கள். ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. (நம் ஊர் பத்தாம் வகுப்பு மாதிரி) தேர்வில் தரம் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

என்னைப் போல வயதானவர்களுக்கு 'ஆக்சஸ் டிப்ளமா' என்று ஒன்று உண்டு. உள்ளூர்க் கல்லூரியில் ஒரு வருடம், மொத்தம் 60 கிரெடிட். அதில் 45க்குத் தரம் போடுவார்கள், பல்கலைக்கழகம் பார்ப்பது அந்த 45ஐத்தான். இதற்கும் கடன் உண்டு. பிறகு பட்டப்படிப்பை முடித்துவிட்டால் இந்தக் கடனில் மிச்சம் இருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

ஊர்ச் சான்றிதழ் இருக்கிறதே, ஆக்சஸ் எதற்கு என்று நானும் வாதாடிப் பார்த்தேன். பல பல்கலைக்கழகங்கள் கடந்த சில வருடங்களுக்குள் படித்ததற்கான அத்தாட்சி கேட்கின்றன, பதினைந்து வருடப் பழைய பட்டம் எடுபடாது. பத்தாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை ஏற்பார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு இடத்துக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். ஏற்காவிட்டால், ஜி.சி.எஸ்.இ.க்குப் பதிலாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற தேர்வை ஒத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன.

4. பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவம்

பிரசவத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் வேலை செய்திருந்தால் போதும், அதைப் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். தாய்ப்பால் ஊட்டத் துணை செய்யும் தன்னார்வலர், மகப்பேறு உதவியாளர் வேலை எல்லாம் இன்னும் நல்லது.

நான் தமிழ்க் கர்ப்பிணிகளுக்கு மொழிபெயர்க்கும் தன்னார்வலராகப் போனேன். ஒரு பெண், மிட்வைஃப் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி "யெஸ், யெஸ்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்: "அக்கா, அவங்க என்ன சொன்னாங்க?" நான் வராத நாட்களில் மாமியார்தான் மொழிபெயர்த்தாராம். மாமியார் எதிரில் இருக்கும்போது, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்ற கேள்விக்கு என்ன பதில் வரும்? வீட்டு ஆளை மொழிபெயர்க்க விடக் கூடாது என்ற விதி ஏன் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

5. விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பம் யூகாஸ் என்ற பல்கலைக்கழகச் சேர்க்கைத் தளம் வழியாக. ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி நாள் ஜனவரியில் வரும், ஆனால் நவம்பருக்குள் அனுப்பிவிடுவது நிம்மதி. 2026 சேர்க்கையிலிருந்து பழைய நீண்ட கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்து: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் படிப்பு இதற்கு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள்.

"எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மிட்வைஃப் என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கே 'பெண்ணோடு இருப்பவர்' என்றுதான் பொருள்.

நேர்காணலில் பல இடங்களில் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் பேச வேண்டியிருக்கும். முதல் வருடம் நான் தோற்றது இதில்தான். கேள்வி இது: "பிரசவ வலியைத் தூண்ட மருந்து கொடுக்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அந்தப் பெண் மறுக்கிறாள். என்ன செய்வீர்கள்?" நான் சொன்னேன்: "பக்குவமாக எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பேன்." நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். நம் வளர்ப்பு அப்படி. டாக்டர் சொன்னால் கேட்க வேண்டும், கேட்காதவளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்க வைக்க வேண்டும்.

அவர்கள் எதிர்பார்த்த பதில் வேறு. ஏன் மறுக்கிறாள் என்று முதலில் கேட்க வேண்டும். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி என்ன என்று மூன்றையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், அது அவள் முடிவு. அதைக் குறித்து வைத்து, மூத்தவர்களுக்குத் தெரிவித்து, தொடர்ந்து அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது வெறும் மரியாதை இல்லை, சட்டம். நதீன் மான்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயத்தை அவரிடம் டாக்டர் சொல்லவில்லை, அப்படியே நடந்து குழந்தை பாதிக்கப்பட்டது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், முக்கியமான அபாயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதைப் படித்துவிட்டுப் போங்கள், பெயரை ஒப்பிக்க அல்ல, அதில் இருக்கும் நியாயம் உங்கள் பதிலில் தானாக வருவதற்கு.

இடம் கிடைத்ததும் குற்றப் பதிவுச் சரிபார்ப்பு, உடல் தகுதி, தடுப்பூசி விவரம் எல்லாம் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி பல தவணை என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள்.

6. மூன்று வருடம்: எண்ணிக்கை நோட்டு

மொத்தம் 4,600 மணி நேரம், பாதி வகுப்பு, பாதி ஆஸ்பத்திரியும் ஊருக்குள் வீடு வீடாகப் போவதும். மற்ற பட்டதாரி மாணவர்களைப் போல நீண்ட கோடை விடுமுறை கிடையாது. பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட் வரும், இரவும் வரும். பிள்ளைகளைப் பள்ளியில் விட யார் என்பதை வீட்டில் எழுதி ஒட்டிவிட்டுச் சேருங்கள். கார் ஓட்டத் தெரிந்தால் பாதிச் சுமை குறையும்.

மாணவர் ஒருவர் 100 கர்ப்ப காலப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பின் 100 தாய்மார், 100 பச்சிளங்குழந்தைகள் என்று பார்த்து முடிக்க வேண்டும். கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் பெண்கள் 40 பேர். தன் கையால் எடுத்த பிரசவம் 40. போதிய பிரசவங்கள் கிடைக்காவிட்டால் அதை 30 ஆகக் குறைத்து, இன்னும் 20 பிரசவங்களில் துணை நின்றதாகக் காட்டலாம்.

இந்த 40 என்ற எண் ஆளைப் படுத்தி எடுக்கும். ஒருத்தியோடு பதினோரு மணி நேரம் இடுப்பைத் தடவிக்கொண்டு இருப்பீர்கள், கடைசி அரை மணியில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, டாக்டர் வந்து ஃபோர்செப்ஸ் (இடுக்கி) போட்டு எடுப்பார். உங்கள் கணக்கு ஏறாது. அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் "எத்தனையாச்சு?" என்று கேட்க ஆரம்பித்தாள், டிகிரியா என்று கேட்ட அதே அம்மா. "இருபத்தி மூணுலயே நிக்குது" என்றால் எனக்காக உச்சுக் கொட்டுவாள். ஆனால் எண்ணிக்கைக்காக ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஓடும் மாணவராக மட்டும் ஆகாதீர்கள். அந்த அறையில் இருப்பவளுக்கு அது தெரியும்.

ஷிஃப்ட் முடிந்த அன்றே பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றால் அவர் விடுமுறையில் போயிருப்பார்.

புதியவர்களுக்குச் சில கைப்பழக்கங்கள்:

- வயிற்றின் உயரத்தை 24 வாரத்திலிருந்து டேப்பால் அளப்போம். டேப்பின் எண் இல்லாத பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். எண் கண்ணில் பட்டால், எதிர்பார்த்த அளவுக்குக் கை தானாக நகர்ந்துவிடும்.
- ரத்தப்போக்கை எல்லோரும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். வீட்டில் அரை லிட்டர் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து, ஒரு பழைய துண்டிலும் நாப்கின்களிலும் ஊற்றிப் பாருங்கள். 500 மில்லி என்பதைக் கண் அப்போதுதான் பழகும்.
- இடுப்பெலும்பு மாதிரியும் ஒரு துணிப் பொம்மையும் வைத்து, தலை எப்படித் திரும்பி வருகிறது என்று தினம் செய்து பாருங்கள். நான் என் மகளின் பொம்மையை எடுத்துக்கொண்டேன், அவள் இன்னும் மன்னிக்கவில்லை.
- பினார்டு என்ற மரக்குழலைக் காதில் வைத்துத் துடிப்பைக் கேட்கப் பழகுங்கள். மெஷின் தாயின் துடிப்பைக் குழந்தையினுடையது என்று காட்டிவிடலாம், காது பெரும்பாலும் ஏமாறாது.

உயிரில்லாமல் பிறக்கும் குழந்தையையும் ஒரு நாள் கையில் வாங்குவீர்கள். அதற்குத் தயாராகும் முறை எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஷிஃப்ட் முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல், கூட இருந்த மிட்வைஃபோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

7. முடித்த பிறகு

பல்கலைக்கழகம் உங்கள் பெயரை, நர்ஸ்களையும் மிட்வைஃப்களையும் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.க்கு அனுப்பும். பதிவுக் கட்டணம் 2025இல் வருடத்துக்கு 120 பவுண்டாக இருந்தது. பெயர் பட்டியலில் ஏறிய பிறகுதான் மிட்வைஃப் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலை என்.எச்.எஸ். சம்பளப் படிநிலையில் பேண்ட் 5இல் தொடங்கி, புதியவர்களுக்கான கண்காணிப்புக் காலம் முடிந்ததும் பேண்ட் 6க்குப் போகும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க, குறைந்தது 450 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும்.

ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து இங்கே நர்ஸாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நர்ஸ், மிட்வைஃப் இரண்டாகவும் பதிவு செய்திருந்தாலும், இங்கே நர்ஸ் பதிவு மட்டும் இருந்தால் நீங்கள் மிட்வைஃப் இல்லை. உங்களுக்கென்று சுருக்கப்பட்ட படிப்பு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அது எங்கே நடக்கிறது என்பதை என்.எம்.சி. தளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலில் தேடுங்கள், ஏஜென்ட் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.